பழைய பிக்அப்பை டிரெய்லராக்கும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பழைய ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி-10 பிக்அப்புகளின் பின்பாதியை வெட்டி, இழுகம்பு பற்றவைத்து, விறகும் வைக்கோலும் ஏற்றுவது நெடுநாள் வழக்கம். வெட்டுவது எளிது. பிசகுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆக்சில், அதாவது பின்சக்கர அச்சு. இழுபடும் வண்டிக்கு அதன் நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் எதற்கு, எடையாவது குறையட்டும் என்று உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைக் கழற்றிவிடுகிறார்கள். 1970களின் சி-10இல் சக்கர ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்திருப்பதே அதற்குள் இருக்கும் சி வடிவக் கிளிப்தான். அதை எடுத்துவிட்டால் ஏதோ ஒரு வளைவில் ஷாஃப்ட், பிரேக் டிரம், சக்கரம் மூன்றும் சேர்ந்தே கழன்று வரும். ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலில் ஷாஃப்ட்டை வெளிமுனையில் ஒரு தட்டு பிடித்திருப்பதால் உள்பாகத்தை எடுக்கலாம். திறப்பைத் தகடு போட்டு மூடினால் போதும். எந்த ஆக்சில் என்று தெரியாவிட்டால் எஞ்சின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் டிரைவ் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றுங்கள். கியர் ஆயிலையும் வடிக்காதீர்கள். சி-10இன் சக்கர பேரிங்குக்கு வேறு எண்ணெய் கிடையாது.

அடுத்தது எடை. மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும்: 2,000 பவுண்டுக்கு 200 முதல் 300. எஞ்சின் முன்னால் இருந்தவரை பின்கதவோரம் பாரம் ஏற்றினாலும் வண்டி தாங்கியது. இப்போது அப்படி ஏற்றினால் இழுகம்பு மேலே தூக்கும், வேகம் கூடியதும் வால் ஆடும். வீட்டு எடைமெஷின்மேல் கட்டை வைத்து, இழுகம்பு முனையில் உள்ள கப்ளரை (பூட்டும் கிண்ணத்தை) இறக்கிப் பாருங்கள்.

இழுகம்பை வெட்டிய சேசிஸ் முனையில் மட்டும் பற்றவைத்தால் விரிசல் அங்கேதான் விடும். அடியில் பின்னோக்கி நீட்டி, இரண்டு குறுக்குச் சட்டங்களிலாவது பிடியுங்கள். நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குட்டையான கம்பு ரிவர்ஸில் சட்டென மடங்கி, பெட்டியின் மூலை இழுக்கும் வண்டியின் பம்பரை இடிக்கும்.

2 அங்குலக் கப்ளர், இழுக்கும் வண்டியின் கொக்கியில் உள்ள இரும்புக் குண்டு 1⅞ அங்குலமாக இருந்தாலும் அதில் பூட்டிக்கொண்டதுபோலவே தெரியும். நல்ல பள்ளம் ஒன்று வந்தால் எகிறிவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளை இழுகம்பின் அடியில் குறுக்காக மாட்டுவது இதற்காகத்தான்: கம்பு தரையைக் குத்தாமல் அவற்றின்மேல் விழும்.

டிரெய்லர் விளக்குகளுக்கு எர்த் அந்த இரும்புக் குண்டு வழியாகவே கிடைத்துவிடும் என்று, எர்த்துக்கான வெள்ளை ஒயரை இணைக்காமல் விடுவதும் உண்டு. கிரீஸும் துருவும் சேர்ந்து இண்டிகேட்டரை மங்கலாக மினுக்கவைக்கும். பெயிண்டைச் சுரண்டிய இரும்பில் அந்த ஒயரை போல்ட் போட்டு முறுக்குங்கள்.

டிரம் இருப்பதால் பிரேக்கும் இருக்கிறது என்று எண்ணுவோர் உண்டு. பிரேக்கை இயக்கும் ஹைட்ராலிக் குழாய், வண்டியை வெட்டும்போதே போய்விட்டது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.