காலில் இரத்தம் கட்டினால்: ஊசியும் வோபரின் குளிசையும்

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடேறி, நடக்க நோகுதென்றால் நோ எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். நாளத்துக்குள் கட்டியிருக்கும் இரத்தம் கழன்று நுரையீரலில் போய் அடைக்கலாம். தையல் நாடாவால் அளந்து பாருங்கள்: முழங்கால் சிரட்டைக்குக் கீழே முட்டி நிற்கும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரண்டு காலையும் ஒரே இடத்தில். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேலென்றால் சந்தேகம் பலம். குறைவென்றாலும் அன்றைக்கே கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, கிட்டவுள்ள பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஸ்கானில் உறுதியானால் வழக்கமாக இரத்தம் உறைவதை மறிக்கும் எனொக்சாபரின் ஊசி: உடல் நிறையில் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலின் கீழ். போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது, கண்டிப்போகும். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும். வவுனியாப் பக்கம் அந்த நோய்க்காரர் கனபேர் என்பதால் கிளினிக் கொப்பியை முதலிலேயே நீட்டுங்கள்.

அதே வேலைக்கான வோபரின் குளிசையும் கூடவே தொடங்கும். ஆனால் அது பிடிக்க 5 நாளாவது செல்லும். ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் இரத்தச் சோதனை அளவு) 2ஐத் தாண்டி ஒரு நாள் நின்ற பிறகே ஊசி நிற்கும். வீக்கம் வத்திட்டுது என்று மூன்றாம் நாளே துண்டு வெட்டச் சொல்லி நிற்பதுதான் பெரிய பிழை. இந்த மருந்துகள் இரத்தக் கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் மறிக்கின்றன. கரைப்பது உடம்பின் வேலை. குளிசையைக் குறைந்தது 3 மாதம் போட வேண்டும்.

குளிசையைப் பின்னேரம் 6 மணிக்கே போடுங்கள். நிறத்தை நம்பாமல் மட்டையிலுள்ள மி.கி. இலக்கத்தைப் பாருங்கள், 1க்குப் பதில் 5 போட்டு இரத்தம் கசிய வந்தவர்கள் உண்டு. மறந்தால் அன்றிரவு படுக்கமுன் போடலாம். விடிந்துவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

முருங்கையிலை, வல்லாரையை நிறுத்தத் தேவையில்லை. மாரியில் தினமும் தின்று கோடையில் அடியோடு விட்டால்தான் ஐஎன்ஆர் துள்ளும். இலக்கு 2 முதல் 3 வரை. வயலில் அருவி வெட்டி இடுப்பு நொந்தால் பனடோல் மட்டும். டிக்ளோபெனாக், ஐபுபுரோபன் வயிற்றில் இரத்தம் கசியவைக்கும். மலம் தார்போலக் கறுத்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைத்தாச்சிக்கு வோபரின் ஆகாது, ஊசிதான்.

வயலில் பாம்பு கடித்தால் வோபரின் போடுவதை வாசலிலேயே சொல்லுங்கள். கண்ணாடி விரியனின் விசமும் இரத்தத்தை உறையவிடாது; எது காரணம் என்று வைத்தியர் பிரித்தறிய வேண்டும்.