பழைய சிலிண்டர், புதிய கொம்பியூட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடை ஓய்ந்து கடல் தெளியத் தொடங்கினால் முல்லைத்தீவுக் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கப் புதுப் பொடியன்கள் வந்துவிடுவார்கள். கையில், இன்னும் எத்தனை நிமிடம் கீழே நிற்கலாம் என்று காட்டும் மினுங்கும் டைவ் கொம்பியூட்டர். முதுகில் அவர்களுடைய வயதைவிடப் பழைய சிலிண்டரும், அதன் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தணித்துத் தரும் ரெகுலேற்றரும். பழைய சாமானில் குற்றமில்லை. ஒழுங்காகக் கழுவிப் பராமரித்த இரட்டைக் குழாய் ரெகுலேற்றர் இன்றைக்கும் நல்ல காற்றுத் தரும். பழசையும் புதுசையும் சேர்க்கிற இடத்தில்தான் ஆபத்து. தனியே இறங்காதே, மூச்சை அடக்காதே என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தருவது, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிமிடம் மிச்சமிருந்தால் காற்றும் மிச்சமிருக்கும் என்று நம்புவது

எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த பருவத்தில் இதே பிழையோடு யாராவது வருகிறார்கள். எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்.

பழைய சிலிண்டர்கள் பலவற்றில் ஜே வால்வு இருக்கும். நீருக்குள் பார்க்கக்கூடிய அழுத்தமானி பரவலாக வராத காலத்து ஏற்பாடு அது. காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 20 பாருக்கு (நிரம்பிய சிலிண்டரில் 200 பார்) இறங்கியதும் உள்ளே உள்ள ஸ்பிரிங் வழியை மறிக்கும், மூச்சு இறுகும். இடுப்போரம் தொங்கும் கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று வரும். அதோடு மேலே வந்துவிட வேண்டும்.

அந்த மிச்சம் எவ்வளவு? 12 லீற்றர் சிலிண்டரில் 20 பார் என்றால் 240 லீற்றர். அட்டைப் பையை இழுத்துக்கொண்டு வேலை செய்கிறவன் நிமிடத்துக்கு 30 லீற்றராவது இழுப்பான். 25 மீற்றர் ஆழத்தில் அது மூன்றரை மடங்கு. பழைய முறையில் நிமிடத்துக்கு 18 மீற்றர் வேகத்தில் நேரே ஏறினால் சுமார் 95 லீற்றர் போதும். அமெரிக்கக் கடற்படையே அந்த வேகத்தை 1993இல் 9 மீற்றராகக் குறைத்துவிட்டது. இன்றைய கொம்பியூட்டர்களும் அந்த அளவு வேகத்தைத்தான் கேட்கின்றன. அதோடு 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கவும் சொல்கின்றன. அப்படி ஏற 320 லீற்றர் வேண்டும். இருப்பதோ 240. பழைய ஏற்றத்துக்கு அளந்து வைத்த காற்றில் புதிய ஏற்றத்தை ஏற முடியாது.

கையில் கட்டும் சாதாரணக் கொம்பியூட்டர் உடம்பில் ஏறும் நைதரசனை மட்டும் கணக்குப் பார்க்கிறது. சிலிண்டருக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.

நாயாற்றுப் பக்கம் ஒரு பொடியன். கம்பியை இழுக்கிறான், அது ஏற்கெனவே கீழே கிடக்கிறது. வலைப்பையின் கயிறு எப்போதோ கொளுவி இழுத்துவிட்டிருந்தது. அதனால் மூச்சு இறுகி எச்சரிக்கவே இல்லை. சேமிப்பையும் சேர்த்துக் குடித்து முடித்திருந்தான். ஏறும் வேகம் கூடிவிட்டதென்று கொம்பியூட்டர் கீச்சிட்டுக்கொண்டே இருக்க, ஒரே பாய்ச்சலில் மேலே வந்தான். படகில் ஏற்றியபோது சொன்ன முதல் வார்த்தை: “அண்ணை, இது இன்னும் ஒன்பது நிமிசம் எண்டுதான் காட்டினது.” இருட்டுவதற்குள் முழங்கையில் குத்து, காலில் விறைப்பு. வேகமாக ஏறினால், உடம்பில் ஏறிய நைதரசன் குமிழியாகி வரும் நோய் அது. கொம்பியூட்டர் இருந்தால் அழுத்தமானி தேவையில்லை என்று சாமான் விற்றவர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்.

அழுத்தமானி இல்லாமல் இறங்கவேண்டாம். பழைய ரெகுலேற்றரில் அதற்குத் துளை இல்லையென்றால், வால்வுக்கும் ரெகுலேற்றருக்கும் நடுவில் வைக்கும் பாஞ்சோ இணைப்பு கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், சிலிண்டரில் பூட்டும் பாகமான முதற்கட்டத்தையே புதிதாக வாங்குங்கள். 25 மீற்றரில் வேலை என்றால் 70 பாரில் அடியை விடவேண்டும். ஜே வால்வு உங்கள் சிலிண்டரில் இருந்தால் காற்று அடிக்கும்போது கம்பி இழுக்கும் நெம்பு கீழே, இறங்கும்போது மேலே. படகு விளிம்பில் உட்கார்ந்ததும் மற்றவர் கையால் அதைத் தொட்டுப் பார்க்கட்டும்.

பொருந்துகிறது என்பதற்காகப் பூட்டுவது

பழைய முதற்கட்டங்கள் பலவற்றில் உயரழுத்தத் துளையும் தாழழுத்தத் துளையும் ஒரே அளவு, எட்டில் மூன்று அங்குலம். இப்போதைய உயரழுத்தத் துளை பதினாறில் ஏழு. பழையதில் தாழழுத்தக் குழாயை உயரழுத்தத் துளையில் பூட்டினாலும் அழகாக ஏறி இறுகிவிடும். பத்துப் பாரை ஒட்டிய அழுத்தத்துக்குச் செய்த குழாய்க்குள் 200 பார் போனால் வெடிக்கும். துளைக்குப் பக்கத்தில் வெட்டியிருக்கும் எழுத்தை (HP என்றால் உயரழுத்தம், LP என்றால் தாழழுத்தம்) அழுக்குச் சுரண்டிப் பாருங்கள்.

ஒரு கொம்பியூட்டரை மாறி மாறிக் கட்டுவது

காலையில் அண்ணன் கட்டியதை மத்தியானம் தம்பி கட்டினால் அது அண்ணனுடைய உடம்புக்குத்தான் கணக்குச் சொல்லும். முதல் சிலிண்டருக்குக் கட்டாமல் இறங்கி, இரண்டாவதுக்கு மட்டும் கட்டுவதும் இதே பிழை. அன்றைய முதல் இறக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கையில் இருக்கவேண்டும்.

பழைய ஆழமானியும் கொம்பியூட்டரும் முரண்பட்டால்

கூடிய ஆழத்தை நம்புங்கள்.

சிலிண்டரில் குத்திய சோதனை, உலோக முத்திரை பார்க்காமல் காற்று அடிப்பது

கூடாது. 6351 கலவை அலுமினியம் என்றால் கழுத்தில் வெடிப்பு வரும் வகை. என்ன விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

குத்து வந்ததும் மறுபடி இறங்குவது

கரையில் இன்னும் இதை வைத்தியம் என்கிறார்கள். கீழே போனதும் வலி குறைவது உண்மை. ஆனால் கால் விறைத்தவனைக் கடலுக்குள் விட்டுவிட்டு, மயங்கினால் யார் தூக்குவது? அங்கே அவன் காற்றோடு இன்னும் நைதரசனையும் ஏற்றிக்கொள்கிறான். படுக்கவைத்து ஒட்சிசன் கொடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதற்கு வைத்தியம் செய்யும் அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எத்தனை சிலிண்டர் என்று டொக்டர் கேட்பார். கொம்பியூட்டரையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.