பைசாந்திய ஆயரின் ஈய முத்திரையை அடையாளம் காண்பது எப்படி?

பைசாந்தியம் என்பது கிரேக்கம் வழங்கிய கிழக்கு உரோமைப் பேரரசு. அங்கே கிறிஸ்தவ ஆயர்கள் (பிஷப்புகள்) தங்கள் கடிதங்களை ஈய முத்திரையால் பூட்டினார்கள். கிரேக்கம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆயரின் முத்திரையில் பாதிச் செய்தி படத்திலேயே இருக்கிறது. பழகிப் பார்க்க வாஷிங்டனில் உள்ள டம்பார்டன் ஓக்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் இணையத் தொகுப்புக்குப் போங்கள். அவர்களிடம் சுமார் 17,000 முத்திரைகள் இருக்கின்றன.

படி 1: முதலில் ஈய வில்லையைப் பாருங்கள். பெரும்பாலும் 2, 3 செ.மீ. அகலம்தான். கடிதத்தைக் கட்டிய கயிற்றை வில்லையின் உள்ளே இருக்கும் துளை வழியே விட்டு, பாக்குவெட்டி போன்ற இரும்புக் கொறட்டின் வாயில் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். இரு பக்கமும் பதியும், துளையும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும். விளிம்பில் எதிரெதிரே தெரியும் பள்ளங்கள் அந்தக் கயிறு போன வழி. பல முத்திரைகள் அங்கேதான் உடைந்திருக்கும்.

படி 2: படத்தில் இருப்பவர் யார்? இங்கே அவசரப்படாதீர்கள். முக்காடிட்ட பெண், பக்கத்தில் எம், பி போல இரண்டு எழுத்து, மேலே ஒரு கோடு என்றால் அது மாதா. (அந்த 'பி' கிரேக்கத்தில் 'ர'.) ஏறு நெற்றி, குட்டைத் தாடி, கையில் நற்செய்தி நூல் என்றால் பெரும்பாலும் புனித நிக்கோலாஸ். சிறகு இருந்தால் வானதூதர், அநேகமாக மிக்கேல்.

சில சமயம் புனிதரே ஊரைச் சொல்லிவிடுவார். யோவான் என்றால் எபேசு, தெமெத்ரியு என்றால் தெசலோனிக்கா, அந்திரேயா என்றால் பத்ராஸ், தீத்து என்றால் கிரேத்தா. ஏதென்ஸ் ஆயர்களுக்கு மாதா; அங்குள்ள பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தனான் அப்போது மாதா கோயிலாக இருந்தது. ஆனால் மாதாவையும் நிக்கோலாஸையும் எல்லா ஊர் ஆயர்களும் விரும்பி வைத்துக்கொண்டார்கள். அவர்களை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்துவிடாதீர்கள்.

படி 3: உருவமே இல்லையா? சிலுவை வடிவில் கோத்த எழுத்துகள் மட்டும் இருந்தால் 8, 9ஆம் நூற்றாண்டுகளை நினையுங்கள். திருவுருவங்களை எதிர்த்த காலம் அது, 843இல்தான் முடிந்தது. சிலுவையின் நான்கு மூலைகளிலும் தோ, ஸோ, தூ, லோ என நான்கு அசைகள் நிற்கும். சேர்த்துப் படித்தால் "உமது அடியானுக்கு". நடுவிலுள்ள எழுத்துக்கூட்டு "ஆண்டவரே, உதவும்" அல்லது "கடவுளின் தாயே, உதவும்" என்று வேண்டும். அலுவல் கடிதத்தைப் பூட்டும் ஈயத்திலும் ஒரு செபம்! எனக்கு இந்த இடம்தான் மிகப் பிடிக்கும்.

படி 4: சரி, இனி பின்பக்கம். வழக்கமாகப் பெயர், பதவி, ஊர் என்ற வரிசை. 'எபிஸ்கோப்போஸ்' ஆயர், 'மித்ரோபொலித்தீஸ்' பெருநகரப் பேராயர். சொற்களைப் பாதியில் வெட்டியிருப்பார்கள், ஆகவே முதல் மூன்று நான்கு எழுத்துகளைப் பிடித்தாலே போதும். இணையத் தொகுப்பில் விளக்கக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, எபேசு முத்திரை ஒன்றில் தொடங்குங்கள். வழுக்கைத் தலையும் நீண்ட தாடியுமாக யோவான் தெரிகிறாரா பாருங்கள்.