சின்ன கிளினிக்கில் மாதவிலக்கு, ரத்தசோகை ஆய்வு: எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும்

"ரொம்ப அசதியா இருக்கு டாக்டர், படி ஏறினா மூச்சு வாங்குது." குடும்ப மருத்துவர் வாரத்துக்குப் பத்துத் தடவையாவது கேட்கும் பேச்சு இது. "மாசாமாசம் எல்லாம் நார்மலா?" என்று திருப்பிக் கேட்டால், "நார்மல்தான்" என்றுதான் பதில் வரும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் போனது என்பதால் ஏழு நாள் கட்டிகட்டியாகப் போவதும் அவருக்கு நார்மல். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள் முதலில் வருவது பெரிய ஆஸ்பத்திரிக்கு அல்ல, தெருமுனை கிளினிக்குக்கு. அதனால் இந்த விஷயத்தை ஆராய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "பெண்களின் ரத்தசோகை" என்பது தலைப்பு. அதை வைத்து ஆய்வு செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: அசதி என்று வரும் 18–45 வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு மாதவிலக்கு அதிகமாகப் போகிறது, அவர்களில் எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே? கர்ப்பிணிகளையும் கர்ப்பப்பை எடுத்தவர்களையும் சேர்க்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவரைத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் எவ்வளவு நாளாக என்று குறித்தே ஆகவேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்? பாதிப்பு 53 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், கூடக்குறைய 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் பதில் போதும் என்பவருக்கு 96 பேர். 7 புள்ளி என்றால் 196, 5 புள்ளி என்றால் 383. பாதியில் நின்றுவிடுபவர்களுக்காக மேலே 15 சதவீதம் சேருங்கள். வாரத்துக்கு ஐந்து பேர்தான் கிடைப்பார்கள் என்றால் 96 பேர் சேரவே நாலரை மாதம் ஆகும். தனி ஆளாக நடத்தும் கிளினிக்குக்கு இதுதான் தாங்கும்.

சேர்க்கும்போது, தகுதியுள்ள ஒவ்வொருவரையும் வரிசையாகக் கேளுங்கள். கூட்டம் குறைந்த நாளில் மட்டும் கேட்டால் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் விடுபட்டுப் போவார்கள். அவர்கள் வருவது சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான். மறுத்தவர்களின் எண்ணிக்கையையும் வயதையும் குறித்து வையுங்கள். கடைசியில் கிடைக்கும் விகிதம் உங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களுடையது. அதை ஊரின் விகிதமாக எழுதக் கூடாது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கிளினிக்குக்கு எனத் தனிக் குழு இல்லாவிட்டால், பதிவு பெற்ற குழு உள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்ள ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில் இடமிருக்கிறது. மருந்து கொடுத்து ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் முன்கூட்டியே பதிய வேண்டும், கட்டணம் கிடையாது.

ஒப்புதல் வாங்குவதில்தான் குடும்ப மருத்துவருக்குச் சிக்கல். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குச் சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் உங்களிடமே வருகிறவர், நீங்கள் கேட்டால் "நீங்க சொன்னா சரி டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். அதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்த பிறகு, வேறு அறையில், நர்ஸ் கேட்கட்டும். கூட வந்தவர் வெளியே உட்காரட்டும். பேச்சு இப்படி இருந்தால் போதும்: "அக்கா, இது ஆராய்ச்சிக்கு. சேரலைன்னாலும் டாக்டர் எப்பவும் போலப் பார்ப்பாங்க. வீட்டுல யோசிச்சிட்டு நாளைக்குக்கூடச் சொல்லலாம்." எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க, படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். ஆய்வுக்காகச் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு அவரிடம் காசு வாங்கவே கூடாது.

இனி அளவு. எவ்வளவு போகிறது என்பதை நினைவிலிருந்து கேட்டால் தப்பாகத்தான் வரும். படம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்து, அடுத்த மாதவிலக்கு முழுவதும் வீட்டிலேயே கோடு போட்டுவரச் சொல்லுங்கள். லேசாகக் கறை பட்ட பேடுக்கு 1 மதிப்பெண், பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களை எடுத்துக் காட்டினால் கட்டியின் அளவு சட்டென்று புரியும். மொத்தம் 100 வந்தால் ஏறத்தாழ 80 மில்லி ரத்தம் போகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஒரு அட்டையைப் பாருங்கள். முதல் நாள் பாதி நனைந்தது நான்கு: 20. இரண்டாம் நாள் முழுக்க நனைந்தது மூன்று, பெரிய கட்டி ஒன்று: 65. மூன்றாம் நாள் பாதி நனைந்தது மூன்று: 15. நான்காம், ஐந்தாம் நாட்களில் லேசான கறை இரண்டிரண்டு: 4. கூட்டினால் 104. "நார்மல்தான்" என்று சொன்னவருடைய கணக்காகவும் இது இருக்கலாம்.

இந்த அட்டை பேடுக்கென்று செய்யப்பட்டது. துணி வைப்பவருக்கும், எக்ஸ்.எல். பேட் வைப்பவருக்கும் இதே எண் பொருந்தாது. வேலைக்குப் போகும் இடத்தில் மாற்ற வசதியில்லாமல் ஒரே பேடை நாள் முழுக்க வைத்திருப்பவருக்கும், நனையாமலே அடிக்கடி மாற்றுபவருக்கும் கணக்கு கோணலாகும். எதை வைக்கிறார் என்று தனிக் கட்டத்தில் எழுதுங்கள். துணியை பேடாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள், தனியாகவே ஆராயுங்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள்: ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? பாயில், புடவையில் கறை படுகிறதா? அந்த நாட்களில் வேலைக்கோ விசேஷத்துக்கோ போகாமல் இருந்ததுண்டா? அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதுவே அதிகப்போக்கு என்றுதான் இன்றைய வரையறையும் சொல்கிறது.

கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டால் "அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி" என்பார்கள். மேஜையில் தினசரிக் காலண்டர் இருக்கட்டும். அப்போதே தேதியாக மாற்றி எழுதிவிடுங்கள்.

ரத்தத்தை நரம்பிலிருந்தே எடுங்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்க்காவிட்டால் ரத்தம் கெட்டிப்பட்டு ஹீமோகுளோபின் கூடிக் காட்டும். ஊதா மூடிக் குழாயில் குறித்த கோடு வரை எடுத்து, மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் அணு உடையும், கவிழ்க்காமல் விட்டால் உறையும். எல்லாருக்கும் ஒரே லேப், ஒரே மிஷின், அன்றைக்கே. பாதிப் பேருக்கு விரல் குத்தி, மீதிப் பேருக்கு நரம்பில் எடுத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. பணம் இருந்தால், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள்; 15க்குக் கீழே போனால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது. ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், ஆகவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1968இல் தொடங்கிய கருத்தடை மாத்திரை ஆய்வில் 1,400 குடும்ப மருத்துவர்கள் 46,000 பெண்களைச் சேர்த்தார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி குறித்து வைத்ததால்தான் அவ்வளவையும் ஒன்றாகக் கூட்ட முடிந்தது. உங்கள் படிவத்தை முதலில் பத்துப் பேரிடம் ஓட்டிப் பாருங்கள். பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் சேர்ந்த ரிஜிஸ்டர் பூட்டிய அலமாரியில். காலிக் கட்டம், பூஜ்யம், "தெரியாது" மூன்றும் வேறுவேறு. "தெரியாது" என்பதற்கு 99 என்று போட்டால், அட்டையின் மதிப்பெண் கட்டத்தில் அது நிஜமான 99 ஆகிவிடும். அன்றன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள், பத்தில் ஒரு படிவத்தை வேறொருவர் சரிபார்க்கட்டும்.

ஆய்வுக்காக வைத்தியம் ஒருநாளும் தள்ளிப்போகக் கூடாது. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே வந்தால் அன்றைக்கே போன் போட்டு வரச் சொல்லுங்கள். 45ஐ நெருங்குகிறவருக்குப் புதிதாக அதிகப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, இடையிடையே கசிவு என்றால் மகப்பேறு மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ரிசல்ட் தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: "உங்களுக்கு ரத்தம் 9.4. குறைந்தது 12 இருக்கணும். மாத்திரை மூணு மாசம், டீ காபியோட சேர்த்துப் போடக் கூடாது."