அடுத்தவர் பேக்கேஜில் கை வைக்கும் முன்

ஒரு நவம்பர் மழையில் கோத்தகிரியில் எங்கள் பக்கம் மரங்கள் சாய்ந்து, நான்கு நாள் கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. கரண்ட் வந்ததும் மெயிலைத் திறந்தேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நான் பராமரிக்கும் சின்ன எழுத்துரு பேக்கேஜுக்கு (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்பு), முன்பின் தெரியாத ஒருவர் திருத்தம் போட்டிருந்தார். நேராக ஏற்றவில்லை. குறித்த நாள் கழித்தே பேக்கேஜை உள்ளே விடும் தாமத வரிசையில் 10 நாளுக்கு வைத்து, மாற்றிய வரிகளையெல்லாம் பக் (பிழை) அறிக்கையில் இணைத்திருந்தார். அதில் ஒரு வரி பழைய பதிப்பிலிருந்து மாறுபவர்களுக்குச் சிக்கல் தரும் என்று எழுதினேன். சரிசெய்து மறுபடி போட்டார். அந்த அவகாசம் இல்லாவிட்டால் பிழை எல்லோர் கணினிக்கும் போயிருக்கும்.

இதைத்தான் என்.எம்.யூ. (Non-Maintainer Upload) என்கிறோம்: பராமரிப்பவர் அல்லாத ஒருவர் செய்யும் பதிவேற்றம்.

நீங்கள் அப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால், முதலில் பக் அறிக்கையை முழுதாகப் படியுங்கள். பராமரிப்பவரே பாதி வேலை முடித்திருக்கலாம். பேட்சை, அதாவது திருத்திய வரிகளை, அங்கே போட்டு, உதவி வேண்டுமா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அப்புறம் இறங்கலாம்.

அந்தப் பிழையை மட்டும் தொடுங்கள். பாதையில் விழுந்த மரத்தை நகர்த்தப் போனவர், பக்கத்துத் தேயிலையைக் கவாத்து செய்துவிட்டு வரக்கூடாது. கோப்புகளின் அமைப்பு பிடிக்கவில்லையென்றாலும் விட்டுவிடுங்கள். அது அவருடைய கைப்பழக்கம்.

பதிப்பு எண் 2.4-3 என்றால் உங்களுடையது 2.4-3.1. அவர் அடுத்து போடும் 2.4-4 தானாகவே மேலே நிற்கும். மாற்றக் குறிப்பின் முதல் வரியிலேயே இது என்.எம்.யூ. என்று சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்புதான் முக்கியம். வரிசையில் 15 நாள் வரை வைக்கலாம். சாதாரண பக் என்றால் 10 நாள் கொடுங்கள். முக்கியமானது, அல்லது டெபியனின் அடுத்த வெளியீட்டையே தடுப்பது என்றால் 5. தடுக்கும் பக் பதிவாகி 7 நாளைத் தாண்டிவிட்டால் 2 போதும். அந்த 7 நாளும் பராமரிப்பவரிடமிருந்து எந்த அசைவும் இல்லை, வேலை நடக்கும் அறிகுறியும் இல்லை என்றால் மட்டும் உடனே ஏற்றலாம். மலையில் மழை பெய்தால் 2 நாள் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். அதனால் அவசரமில்லாத எதற்கும் நான் 10 நாளைக் குறைப்பதில்லை.

ஏற்றிய பிறகு சில வாரம் அந்த பேக்கேஜின் பக் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் மாற்றத்தால் எது உடைந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு. வரிசையில் இருக்கும்போதே பராமரிப்பவர் வந்து, "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றால், டிகட் (dcut) கட்டளையால் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, பேட்சை அவரிடமே விட்டுவிடுங்கள்.