புதுசா ஒன்ராறியோவுக்கு வந்தனீங்களோ? ரெஸ்ட்ரெயினிங் ஓடர் எடுக்கிறதப் பற்றி கொஞ்சம் கதைப்பம்

ரெஸ்ட்ரெயினிங் ஓடர் எண்டா, உங்களப் பயப்படுத்திற ஆள் உங்களுக்குக் கிட்ட வரவோ தொடர்பு வச்சிருக்கவோ கூடாது எண்டு கோட் போடுற கட்டளை. மனுசன் கனடாவுக்குக் கூப்பிட்டு, ஸ்பொன்சரில வந்த பொம்பிளையள் என்னட்ட முதல் கேக்கிறது அடி உதையப் பற்றி இல்ல. "அக்கா, நான் கோட்டுக்குப் போனா அந்தாள் என்ர பேப்பரக் கான்சல் பண்ணிப் போடுமோ?" எண்டுதான் கேப்பினம். அதால நானும் அதிலயே தொடங்கிறன்.

பிஆரோட, அதாவது இஞ்ச நிரந்தரமா இருக்கிற உரிமையோட, லாண்ட் ஆகிட்டீங்கள் எண்டா அது உங்கட பிஆர், மனுசன் கோவத்தில ஒரு ஃபோன் அடிச்சுப் பறிக்கிற சாமான் இல்ல. 2012இல ஒரு விதி கொண்டு வந்தவங்கள், ஸ்பொன்சரில வந்த கொஞ்சப் பேர் 2 வருசம் சேர்ந்து இருந்தே ஆகவேணும் எண்டு. அத 2017 ஏப்ரல்லயே தூக்கிப் போட்டாச்சு, ஆனா எங்கட சனத்தின்ர வாயில அது இன்னும் சாகேல்ல, கலியாண வீட்டிலயும் கோயில்லயும் இண்டைக்கும் அதைச் சொல்லித்தான் பிள்ளையளப் பயப்படுத்தினம். ஸ்பொன்சர் பண்ணேக்க அவர் உங்கள 3 வருசம் பாக்கிறன் எண்டு வச்ச கையெழுத்து அவற்ர தலையிலதான், நீங்கள் வீட்ட விட்டு வெளிக்கிட்டாலும் அது அழியாது. கலியாணமே பேப்பருக்காகச் செய்த பொய்க் கலியாணம் எண்டா அது வேற கதை, அதுக்குள்ள நான் வரேல்ல.

ஆனா இஞ்ச நிண்டுகொண்டு அப்ளிகேசன் போட்டு, பிஆர் இன்னும் கைக்கு வராத ஆக்களெண்டா கவனம், அவர் ஸ்பொன்சர வாபஸ் வாங்கலாம். அப்பிடி மாட்டுப்பட்ட ஆக்களுக்கெண்டே 2019 யூலையில இருந்து குடும்ப வன்முறைக்கு ஆளானவை இஞ்ச தங்கிறதுக்குத் தற்காலிக பெர்மிட் ஒண்டு இருக்கு, ஃபீஸ் இல்ல, குறைஞ்சது 6 மாசத்துக்குத் தருவாங்கள். முதல் இமிகிரேசன் தெரிஞ்ச லோயரோட கதைச்சுப் போட்டு மற்ற வேலையப் பாருங்கோ.

சரி, இனி ஓடருக்கு வருவம். நான் சொல்லுறது ஒன்ராறியோ நடைமுறை, மற்ற மாகாணத்தில பேரும் வேற ஃபோமும் வேற. இஞ்ச சனம் மூண்டு விசயத்தப் போட்டுக் குழப்புறது. பொலிசக் கூப்பிட்டு அவங்கள் சார்ஜ் பண்ணினா அது கிரிமினல் கேஸ், பெயில்ல விடேக்க உங்களோட தொடர்பு வச்சிருக்கக் கூடாது எண்டு போட்டு விடுவாங்கள். அதை "நான் வாபஸ் வாங்கிறன்" எண்டு நீங்கள் போய்ச் சொல்லி நிப்பாட்டேலாது, அது அரசாங்கத்தின்ர கேஸ். ரெஸ்ட்ரெயினிங் ஓடர் அது இல்ல, நீங்களே ஃபமிலி கோட்டில போய்க் கேட்டு எடுக்கிறது, அதுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் கட்டாயம் இல்ல. இது புருசன் பெண்சாதி, பிரிஞ்ச ஆக்கள், கலியாணம் கட்டாம சேர்ந்து இருந்த ஆக்கள், இவைக்கிடையில. சேர்ந்து இருந்தது ஒரு மாசம் எண்டாலும் பரவாயில்ல.

மாமி, மச்சான், பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிறவன், சும்மா பழகிப் போட்டு இப்ப பின்னால திரியிற பெடியன், இவைக்கு அந்த ஓடர் சரிவராது. அதுக்கு பீஸ் பொன்ட் எண்டு வேற ஒண்டு, கரைச்சல் குடுக்காம விலகி இருப்பன் எண்டு அந்த ஆளக் கோட்டில எழுதிக் குடுக்க வைக்கிறது. கிரிமினல் கோட்டில ஜஸ்டிஸ் ஒஃப் த பீஸ் எண்டு சொல்லுற நீதவானுக்கு முன்னால போய்க் கேக்க வேணும், கூடினது 12 மாசத்துக்குக் கிடைக்கும். ஆம்பிளையளுக்கும் இதே சட்டம்தான், பெண்சாதி அடிக்கிறா எண்டு சொல்ல வெக்கப்பட்டு உள்ளுக்க வச்சுக்கொண்டு இருக்காதேங்கோ.

ஜட்ஜ் பாக்கிறது ஒண்டத்தான்: உங்கட பாதுகாப்புக்கோ உங்களோட இருக்கிற பிள்ளையின்ர பாதுகாப்புக்கோ பயப்பட நியாயமான காரணம் இருக்கோ இல்லையோ. "அவர் நல்ல புருசன் இல்ல" எண்டதுக்கு ஓடர் வராது. அதே நேரம் கை ஓங்கினாத்தான் கேக்கலாம் எண்டும் இல்ல, மனசளவில இருக்கிற பயத்தையும் கோட் எடுக்கும். பாஸ்போட்ட ஒளிச்சு வைக்கிறது, வேலையிடத்து வாசல்ல வந்து காருக்குள்ள இருக்கிறது, கொல்லுவன் எண்டு வொய்ஸ் மெசேஜ் போடுறது எல்லாம் எழுதலாம்.

எழுதிறது எண்டேக்கதான் எங்கட ஆக்கள் விழுறது. சத்தியக்கடதாசி, இஞ்ச அஃபிடவிட் எண்டு சொல்லுவினம், அதுதான் இந்தக் கேஸின்ர உயிர். அவசரமாப் போற நேரம் ஜட்ஜ் உங்கட முகத்தப் பாக்க முதல் அந்தக் கடதாசியத்தான் வாசிக்கிறார். போன வருசம் ஒரு தங்கச்சியோட இருந்து அவ எழுதினத வாசிச்சன், முதல் பக்கம் முழுக்க "அவர் என்னைக் கனகாலமாச் சித்திரவதை செய்கிறார், நான் அனுபவித்த துன்பம் கடவுளுக்குத்தான் தெரியும்". கடவுளுக்குத் தெரிஞ்சு காணாதம்மா, ஜட்ஜுக்குத் தெரியவேணும் எண்டு சொல்லி, கடைசியா என்ன நடந்தது, என்ன நாள், எத்தின மணி எண்டு ஒவ்வொண்டாக் கேட்டன். பேந்து வந்தது இப்பிடி: "மார்ச் 3, இரவு 9 மணியளவில், மூத்தவன் மேசையில் ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்தபோது ரைஸ் குக்கர் மூடியை எனக்கு எறிந்தார். நான் குனிந்ததால் அது ஃபிரிட்ஜ் கதவில் பட்டு நெளிந்தது. அந்த நெளிவின் படம் இணைத்திருக்கிறேன்." மூண்டே மூண்டு வசனம், அவ்வளவுதான் வேணும். கடைசியா நடந்தத முதல் எழுதுங்கோ, பிறகு ஆகப் பெரிசா நடந்தத, அதுக்குப் பிறகுதான் பழைய கதை. அவர் சொன்ன தூசணத்தக் கூச்சப்படாம அப்பிடியே போடுங்கோ, "கெட்ட வார்த்தை பேசினார்" எண்டு மெழுகாதேங்கோ. தமிழ் மெசேஜ் எண்டா ஸ்கிரீன்ஷொட்டோட இங்கிலிஸ் மொழிபெயர்ப்பும் வேணும். ஒண்டையும் கூட்டி எழுதாதேங்கோ, ஒரு பொய் பிடிபட்டா மிச்ச உண்மையும் அதோட போயிரும், சத்தியம் பண்ணிக் குடுக்கிற கடதாசி அது.

ஃபோம் எண்டு பாத்தா கேஸத் தொடங்க 8ஆம் நம்பர் அப்ளிகேசன், அவசரமா உடன ஓடர் வேணும் எண்டா அதோட 14ஆம் நம்பர் மோசனும், அதாவது கேஸ் முடிய முதலே ஓடர் கேக்கிற மனு, சத்தியக்கடதாசிக்கு 14ஏயும். கையெழுத்த வீட்டில வச்சுப் போட்டுக்கொண்டு போகாதேங்கோ, கோட்டில சத்தியம் எடுக்கிற ஆளுக்கு முன்னால போட வேணும். கவுண்டரில "மனுசனுக்கு அறிவிக்காமக் கேக்கப் போறன்" எண்டு சொல்லுங்கோ, அவருக்குத் தெரிஞ்சா ஆபத்து எண்டு ஜட்ஜ் நம்பினா அவர் இல்லாமலே தற்காலிக ஓடர் தரலாம். அப்பிடித் தந்தா 14 நாளுக்குள்ள திரும்பக் கோட்டுக்கு வரும், அண்டைக்கு அவருக்கும் பதில் சொல்ல உரிமை இருக்கு. அந்த இரண்டாவது நாள்தான் கனபேர் வயித்தக் கலக்குது எண்டு நிப்பினம். கோட் ஆக்களிட்ட முதலே சொன்னா பாதுகாப்புக்கு ஒழுங்கு செய்வினம், ஒரே வாங்கில பக்கத்தில இருக்கத் தேவையில்ல. இப்ப இருக்கிற விலாசம் அவருக்குத் தெரியக் கூடாது எண்டா, ஃபோமில விலாசம் எழுத முதலே கேளுங்கோ, எழுதிக் குடுத்த பிறகு கேட்டுப் பிரியோசனம் இல்ல, ஒரு கொப்பி அவருக்கும் போகும். அந்தக் கொப்பியள நீங்களே கொண்டுபோய் அவற்ர கையில குடுக்கப் போகாதேங்கோ. ஒன்ராறியோ கோட் ஒஃப் ஜஸ்டிஸில ஃபமிலி கேஸுக்குக் காசு இல்ல, சுப்பீரியர் கோட்டில ஃபீஸ் இருக்கு, வருமானம் குறைவு எண்டா தள்ளுபடிக்கு எழுதிக் குடுக்கலாம்.

தனிய ஓடித் திரிய வேண்டாம். லீகல் எய்ட் ஒன்ராறியோ 1-800-668-8258க்கு அடிச்சு வீட்டு வன்முறை எண்டு சொல்லி, 2 மணித்தியால இலவச லோயர் ஆலோசனை கேளுங்கோ. ஃபமிலி கோட் சப்போட் வேர்க்கர் எண்டு ஆக்கள் இருக்கினம், அவை லோயர் இல்ல, ஆனா ஃபோம் விளங்கப்படுத்தி, கோட்டுக்கும் கூட வருவினம், காசு இல்ல. ராவில ஆரோடயாவது கதைக்க வேணும் எண்டா அசோல்டட் விமின்ஸ் ஹெல்ப்லைன், 1-866-863-0511, தமிழில எண்டு கேட்டா மொழிபெயர்ப்பாளர லைனில போடுவினம். ரொறொன்ரோவில சட்ட உதவிக்கு பார்பரா ஷ்லைஃபர் கிளினிக்கும் சவுத் ஏசியன் லீகல் கிளினிக்கும் இருக்கு. கோட்டில மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டா முதல் நாளே கேளுங்கோ, கோயில்ல தெரிஞ்ச அண்ணையக் கூட்டிக்கொண்டு போற வேலை வேண்டாம், அவர் நல்லவராத்தான் இருப்பார், ஆனா பின்னேரமே கதை ஸ்காபரோ முழுக்கப் போயிருக்கும்.

ஓடர் கையில வந்த உடன ஒவ்வொரு வரியையும் வாசிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ. எத்தின மீற்றருக்கு அங்கால நிக்க வேணும், வீடு, வேலை, பள்ளிக்கூடம் எது எது போட்டிருக்கு, பிள்ளையப் பாக்கிறதுக்கு விலக்கு இருக்கோ எண்டு. பள்ளிக்கூட ஒஃபிஸுக்கு ஒரு கொப்பி, டேகேருக்கு ஒண்டு, ஹான்ட்பாக்கில ஒண்டு, ஃபோனில படம். பொலிஸின்ர கொம்பியூட்டரிலயும் அது ஏறும்.

நேரடியாவும் மறைமுகமாவும் தொடர்பு கொள்ளக் கூடாது எண்டு போட்டிருந்தா, மற்ற ஆக்களுக்குள்ளால தூது விடுறதும் அதுக்குள்ள வரும். அந்தத் தங்கச்சிக்கு ஓடர் வந்து ஒரு கிழமையால மாமியின்ர நம்பரில இருந்து வொய்ஸ் மெசேஜ், "பிள்ளை, தம்பி சாப்பிடாமக் கிடக்கிறான், ஒருக்காக் கதையன்", பின்னால அவற்ர குரல் மெல்லமாச் சொல்லிக் குடுக்குது. அவ அழிக்கப் பாத்தவ, நான் விடேல்ல. அழிக்காதேங்கோ, பதிலும் போடாதேங்கோ, பொலிசுக்குக் காட்டுங்கோ. ஓடர மீறினா கிரிமினல் குற்றம், பிடிச்சுக்கொண்டு போகலாம். நீங்களே பாவம் பாத்து வீட்ட கூப்பிட்டாலும் ஓடர் ஓடர்தான், மீறினது அவர்தான், ஆனா அடுத்த முறை ஜட்ஜ் உங்கட பயத்த நம்பக் கஷ்டப்படுவார். மாத்த வேணும் எண்டா கோட்டில போய்த்தான் மாத்த வேணும்.

வாடகை வீட்டு லீஸில உங்கட பேர் இருந்தா, அதுக்காக அங்க கிடந்து மாயத் தேவையில்ல. N15 எண்ட ஃபோமோட ஓடர் கொப்பிய வீட்டுக்காரரிட்டக் குடுத்தா, ஓடர் 90 நாளுக்குள்ள எடுத்ததா இருக்க வேணும், 28 நாள் நோட்டிஸோட வெளிக்கிடலாம். ஓடர் இல்லாட்டியும் அதுக்கெண்டு இருக்கிற வாக்குமூல ஃபோமில கையெழுத்து வச்சுக் குடுக்கலாம்.

இன்னுமொண்டு, ஓடரில முடியிற திகதி போட்டிருந்தா அதுக்கு 2 மாசம் முன்னால கலண்டரில குறிச்சு வையுங்கோ, பயம் இன்னும் இருக்கு எண்டா அந்தத் திகதிக்கு முதலே திரும்பக் கோட்டுக்குப் போகவேணும்.