வீடு கட்டப் போறீங்களா, சுவருக்கு ராட் ட்ராப் முறைய ஒரு தடவை யோசிங்க

மேற்கு பாத்த ரூம்ல ராத்திரி 10 மணிக்கும் சுவர் அனலா அடிக்குதுன்னா காரணம் 9 இன்ச் கெட்டிச் சுவர் பகல் முழுக்க வெயில வாங்கி வச்சிக்கிட்டு ராத்திரி உள்ள விடுறதுதான். ராட் ட்ராப் சுவரும் அதே 9 இன்ச் தான், ஆனா நடுவுல 3 இன்ச் காலி இடம் இருக்கும், அந்த காத்து சூட்ட சீக்கிரம் உள்ள கடத்தாது. செங்கலும் சுமார் 25 சதவீதம் குறையும். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல உக்காந்துகிட்டு 1970கள்ல இருந்து இப்படி ஏகப்பட்ட வீடு கட்டியிருக்காரு, அதனால இது புதுசா யாரோ சோதனை பண்ற விஷயம் இல்ல.

முதல்ல செங்கல். எல்லாம் ஒரே அளவா, முனை உடையாம இருக்கணும், சேம்பர் சூளையில சுட்ட செங்கல்னா நல்லது. ரெண்ட தட்டிப் பாத்தா கணீர்னு சத்தம் வரணும். கட்டுறதுக்கு முன்னாடி தண்ணியில நல்லா ஊற வைங்க.

பேஸ்மட்டத்து மேல முதல் வரி வழக்கம் போல கெட்டியா படுக்க வச்சு கட்டணும். அடுத்த வரியில இருந்து செங்கலோட 3 இன்ச் பக்கம் கீழ வர்ற மாதிரி நிறுத்தி வைக்கணும், வெளிப்பக்கம் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு, நடுவுல 3 இன்ச் இடைவெளி, அப்புறம் சுவருக்கு குறுக்க ஒரு செங்கல், மறுபடி ரெண்டு, மறுபடி குறுக்க ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும். மேல் வரியில குறுக்குக் கல்லு கீழ் வரி நீளக்கல்லோட நடுவுல உக்காரணும், மூட்டு மேல மூட்டு வரவே கூடாது.

இதுல நிறைய பேரு கோட்டை விடுற இடம் கலவைதான். 1:6 சிமெண்ட் கலவை (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) போதும், ஆனா அது உள்ள விழுந்து இடைவெளி அடைச்சிக்கிச்சுன்னா இவ்ளோ பாடுபட்டும் பிரயோஜனம் இல்ல. 3 இன்ச் அகல மரக்கட்டைய இடைவெளி மேல மூடி வச்சுட்டு கலவை போட சொல்லுங்க, போட்டதும் எடுத்து அடுத்த இடத்துக்கு நகத்தணும். பழக்கம் இல்லாத கொத்தனார்னா வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு அடி நீளத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லிப் பாருங்க, அவருக்கும் கை பழகிடும்.

மூலை, கதவு ஜன்னல் ஓரம், ஜன்னலுக்கு கீழ் வரி, லிண்டலுக்கு (கதவு ஜன்னலுக்கு மேல வர்ற காங்கிரீட் பட்டை) கீழ, ரூஃபுக்கு கீழ கடைசி வரி இதெல்லாம் கெட்டியாத்தான் இருக்கணும். வாஷ் பேசின், கிச்சன் அலமாரி, ஏசி மாட்டுற இடம் எதுன்னு இப்பவே முடிவு பண்ணி அங்க இடைவெளியில காங்கிரீட் ரொப்பிடுங்க, அப்புறமா ட்ரில் போட்டா ஆணி நிக்காது. கரண்ட் பைப்ப மட்டும் கட்டும்போதே உள்ள இறக்கிடலாம், சுவர வெட்ற வேலையே மிச்சம். பாத்ரூம் சுவர் மட்டும் என்னைக் கேட்டா கெட்டியாவே கட்டிடுங்க, தண்ணி பைப்புக்கு வெட்டும்போது இந்த சுவர் தாங்காது.

பில்லர் இல்லாம சுவர் மேலயே ரூஃப் நிக்கப் போகுதுன்னா, மாடி எத்தனைங்கறத இன்ஜினியர்கிட்ட கேக்காம முடிவு பண்ணாதீங்க. கட்டின சுவருக்கு குறைஞ்சது ஏழு நாளு தண்ணி ஊத்தணும். வெளிய பூச்சு வேண்டாம், பாயிண்டிங் (செங்கல் மூட்டுல மட்டும் கலவை பூசுறது) மட்டும் போதும், அழகா இருக்கும், அந்த சிமெண்டும் மணலும் மிச்சம்.

இன்னொண்ணு, சூடு பெரும்பாலும் மேல இருந்துதான் இறங்குது. சுவர மட்டும் மாத்திட்டு மொட்டை மாடிய வெறும் காங்கிரீட்டா விட்டுடாதீங்க, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேல தட்டோடு பதிச்சிடுங்க, பட்ஜெட் இடிச்சா வெயில் காலத்துக்கு முன்னாடி வெள்ளையடிச்சாவது விடுங்க.